ராய்ஸ் வான்னெஸின் கையெழுத்து

பள்ளித் தேர்தலுக்கு எங்கள் ஊரில் யாரும் வருவதில்லை. ஜனாதிபதித் தேர்தல் என்றால் வீட்டு வாசலில் பலகை நட்டு, கூடப் பிறந்தவனோடு பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டு ஆறு மாதம் ஆட்டம் போடுவார்கள். தங்கள் பிள்ளை உட்காரும் பெஞ்சுக்கு ஓட்டுப் போடுங்கள் என்றால், "அது எப்போ லோயிஸ், போன வாரமா?" என்று கேட்பார்கள். மே மாதம் மூன்றாவது செவ்வாய்க்கிழமை. பத்தொன்பது வருஷமாக அதே செவ்வாய்க்கிழமைதான். சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது.

நான் கெட்லர் சுற்றுவட்டாரப் பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்டத்தின் கிளார்க். மற்ற தேர்தல்களுக்கெல்லாம் தனி அலுவலகம், தனி ஆட்கள் உண்டு. பள்ளித் தேர்தல் மட்டும் என் தலையில். பேப்பரில் அறிவிப்புக் கொடுப்பதிலிருந்து, தபால் ஓட்டு அனுப்பி, ராணுவத்தில் இருப்பவர்களுக்கு எந்தப் பாலைவனத்துக்கோ ஓட்டுச் சீட்டு அனுப்பி, கடைசியில் உடற்பயிற்சிக் கூடத்து மேசைகளை மடக்கி வைப்பது வரை நான்தான். எனக்கு அறுபத்தொரு வயது. இரண்டு முழங்கால்களும் என் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டன.

சீட்டில் வழக்கமாக மூன்று விஷயம் இருக்கும். பட்ஜெட்டுக்குச் சம்மதமா, புது பஸ் வாங்கலாமா, பள்ளிகளை நிர்வகிக்கும் போர்டுக்கு யார். இந்த வருஷம் நான்காவதாக ஒன்று சேர்ந்தது. பெக் கார்னர்ஸில் இருக்கும் சின்னப் பள்ளியைத் தொடர்ந்து நடத்தலாமா? ஐம்பத்து நான்கு பிள்ளைகள் படிக்கும் பள்ளி. ஆம் என்பது ஒரு ஓட்டு கூடுதலாக வந்தால் பள்ளி இருக்கும். சரிசமமாக வந்தால்கூட மூடல்தான். பிள்ளைகளை ஐம்பது நிமிஷம் பஸ்ஸில் ஏற்றிக் கெட்லருக்குக் கொண்டுவருவார்கள். முடிவெடுக்க வேண்டியது போர்டு. பயந்துபோய் ஜனங்கள் தலையில் கட்டிவிட்டு, எல்லோரும் வேடிக்கை பார்க்க உட்கார்ந்துகொண்டார்கள்.

அந்தப் பள்ளிக்கு நேர் எதிர் வீடு ஷெல்பி வான்னெஸுடையது. வீடு என்றால் அவள் மாமியார் விட்டுப்போன பழைய மர வீடு. புருஷன் ராய்ஸ் ராணுவத்தில் சார்ஜென்ட். மகள் ஜூனிக்கு ஏழு வயது, நான்கு வயதிலேயே சர்க்கரை வியாதி. தினமும் மத்தியானம் ஷெல்பி ரோட்டைக் கடந்து போய் ஊசி போட்டுவிட்டு வருவாள். போன வருஷம் பிள்ளை வகுப்பிலேயே மயங்கி விழுந்தபோது டீச்சர் ஜன்னலைத் திறந்து கத்தினாள். அடுப்பில் இருந்ததை அப்படியே போட்டுவிட்டு ஷெல்பி இரண்டு நிமிஷத்தில் வந்து சேர்ந்தாள். கெட்லருக்கு அவளால் அப்படி ஓடிவர முடியாது. அவளுக்கு வலிப்பு உண்டு, லைசென்ஸ் கொடுக்க மாட்டார்கள். எங்கள் பக்கத்தில் கார் ஓட்ட முடியாதவள் கால் இல்லாதவள் மாதிரி.

ஏப்ரல் மாதம் அவள் என் அலுவலகத்துக்கு வந்தாள். யாரோ ஒரு டீச்சரின் காரில் தொற்றிக்கொண்டு வந்திருந்தாள்.

"ராய்ஸுக்கு ராணுவ ஓட்டுச் சீட்டு அனுப்பணும் லோயிஸ். ஃபார்ம் எல்லாம் ரெடி."

"எங்க இருக்கான் இப்போ?"

"எனக்கு மட்டும் சொல்லிடுவாங்களா? மணல் இருக்காம், சாப்பாடு கேவலமாம். அவ்வளவுதான் தெரியும்."

ஃபார்மை வாங்கிப் பார்த்தேன். கீழே ராய்ஸ் வான்னெஸ் என்று கையெழுத்து. உருண்டை உருண்டையான எழுத்து, கடைசியில் முயல் வால் மாதிரி ஒரு சுழி. அந்தக் கையெழுத்தை எனக்கு நன்றாகத் தெரியும். மதிய உணவு ஃபார்ம், சுற்றுலா அனுமதி, ஜூனிக்கு ஊசி போடச் சம்மதம், எல்லாவற்றிலும் அப்பா கையெழுத்து என்ற இடத்தில் இதே உருண்டை எழுத்துதான், இதே முயல் வால்தான். ராய்ஸ் மணலில் இருந்த மாதங்களிலும் அது தவறாமல் வந்துகொண்டுதான் இருந்தது. அது ஷெல்பியின் கை. தெரிந்தேதான் இருந்தேன்.

"உனக்கு ஓட்டு இல்லையா?" என்று கேட்டேன்.

"எனக்கு எங்க? நான் டெக்ஸாஸ்காரி. பதினெட்டு வயசுல அங்க பதிஞ்சது. அப்புறம் ஏழு ஊரு மாத்திட்டாங்க. இந்த ஊர்ல என் பேர்ல ஒரு தண்ணி பில்லுகூடக் கிடையாது." சிரித்தாள். "ராய்ஸ் போட்டா நாங்க மூணு பேரும் போட்ட மாதிரிதான்."

பேர் பதியும் படிவம் என் மேசையின் கீழ் இழுப்பறையில் இருந்தது. குனிந்து எடுக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. பஸ் டிரைவர் ஒருவன் சாவியை மேசையில் வீசிவிட்டுப் போய்விட்டானாம், மூன்று மணிக்குப் பிள்ளைகளை யார் கொண்டுபோய் விடுவது என்று கராஜிலிருந்து ஒரே கூச்சல். நான் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, ஃபார்மில் "பெறப்பட்டது" முத்திரையைக் குத்தினேன். ஷெல்பி கையாட்டிவிட்டுப் போனாள்.

அவ்வளவுதான் நடந்தது. முத்திரை குத்திய ஒரு நொடி.

தேர்தலுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை ராய்ஸின் உறை வந்து சேர்ந்தது. மேல் உறையைத் திறந்ததும் மேசையில் கொஞ்சம் மணல் கொட்டியது. தபால் முத்திரை எதுவும் இல்லை. ராணுவத் தபாலில் பாதி அப்படித்தான் வரும். முத்திரை இல்லாவிட்டால் உள் உறைமேல் ஓட்டுப் போட்டவன் கையெழுத்தும் தேதியும் வேண்டும், பக்கத்திலேயே ஒரு சாட்சியின் கையெழுத்தும் தேதியும் வேண்டும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். ராய்ஸ் போட்டிருந்தான். யாரோ ஒரு கார்ப்பரல் சாட்சி போட்டிருந்தான். தேதி இரண்டும் சரி. கையெழுத்து இருக்கிறதா என்றுதான் பார்த்தேன். எப்படி இருக்கிறது என்று பார்க்கவில்லை.

ஷெல்பிக்குப் போன் செய்தேன்.

"வந்துடுச்சா?" என்று கத்தினாள். "ஜூனி! அப்பா ஓட்டு வந்துடுச்சுடி!" போனுக்குள்ளேயே இரண்டு பேரும் குதிப்பது கேட்டது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ஓட்டுப்பதிவுக்காகக் கெட்லர் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தைத் திறந்தோம். வாசலில் பெற்றோர் சங்கத்துப் பெண்கள் கேக் கடை போட்டிருந்தார்கள். ஓட்டுப் போட வந்தவர்களைவிடக் கேக் வாங்க வந்தவர்கள்தான் அதிகம் என்று நினைத்தேன். ஆனால் நான்கு மணிக்குமேல் கூட்டம் வரத் தொடங்கியது. பெக் கார்னர்ஸ்காரர்கள் டிரக் டிரக்காக வந்தார்கள். மூடச் சொல்கிறவர்களும் சும்மா இருக்கவில்லை. முதியோர் குடியிருப்பிலிருந்து வேன் வைத்துக் கொண்டுவந்தார்கள்.

ஆர்லோ ப்ருவிட் மடக்கு நாற்காலியைப் போட்டுக்கொண்டு என் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். வருஷா வருஷம் உட்காருகிறவன்தான். வரி கட்டுவோர் சங்கம் என்று ஒன்று வைத்திருக்கிறான், அதில் அவனையும் சேர்த்து ஒன்பது பேர். பால் டாங்கர் ஓட்டி ஓய்வு பெற்றவன். பெக் கார்னர்ஸ் பள்ளியில் எனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தான்.

"மூணாவது கேக்கா அது?" என்றேன்.

"பள்ளிக்கூடத்துக்குத்தானே கொடுக்கறேன். உனக்கென்ன?"

"ஒரு பக்கம் கேக்கு வாங்கிப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கற, இன்னொரு பக்கம் பள்ளிக்கூடத்த மூடச் சொல்ற."

"நான் படிக்கறப்பவே கூரை ஒழுகிச்சு லோயிஸ். நீ பக்கெட் வெச்சுப் பிடிப்ப, ஞாபகம் இருக்கா? இன்னமும் அதே கூரை. நீயும் அதே பக்கெட்டப் பிடிச்சிட்டு நிக்கற."

"வாய மூடிட்டுத் தின்னு."

ஏழரை மணிக்கு ஷெல்பி வந்தாள், ஜூனியைக் கையில் பிடித்துக்கொண்டு. அவளால் ஓட்டுப் போட முடியாது. ராய்ஸின் ஓட்டை எண்ணுவதைப் பார்க்க வந்திருந்தாள். விளையாட்டுப் பார்க்க உட்காரும் வரிசையின் கீழ்ப் படிக்கட்டில் உட்கார்ந்து, பிள்ளையின் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்து, இரண்டு பிஸ்கட் கொடுத்தாள். என்னைப் பார்த்துக் கையாட்டினாள்.

எட்டு மணிக்குக் கதவைச் சாத்தினோம். வெளியே இன்னும் நல்ல வெளிச்சம் இருந்தது. ஓட்டு எண்ணும் தலைமை ஆய்வாளர் அக்னெஸ் லூமிஸ், முன்னாள் நூலகர், கூட இரண்டு பேர். அக்னெஸ் தபால் உறைகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். ஆர்லோ நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு உறையையும் அதன் விண்ணப்பத்தோடு பக்கத்தில் வைத்துக் காட்டச் சொன்னான். அது அவன் உரிமை, காட்டித்தான் ஆக வேண்டும். நாற்பத்தொரு உறைகள். ஒவ்வொன்றுக்கும் மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கி எங்கள் உயிரை வாங்கினான்.

கடைசியாக ராய்ஸின் உறை.

"இரு அக்னெஸ்," என்றான். "இது ரெண்டும் ஒரே ஆளு எழுதினதா?"

அப்போதுதான் நானும் சரியாகப் பார்த்தேன். விண்ணப்பத்தில் உருண்டை எழுத்தும் முயல் வாலும். உறையில் வளைந்துபோன கம்பி மாதிரி ஒரு கோணல் கோடு.

"தனியா வை," என்றாள் அக்னெஸ் களைப்போடு. "முதல்ல மத்ததெல்லாம் எண்ணி முடிப்போம். ஒரே ஒரு ஓட்டுதானே, அதனால என்ன ஆகிடப்போகுது."

மெஷினில் விழுந்ததையும் தபாலில் வந்ததையும் கூட்டினோம். பட்ஜெட் தேறியது. பஸ் தேறியது. நான்காவது கேள்விக்கு அக்னெஸ் கூட்டினாள், உதட்டைக் கடித்தாள், மறுபடி கூட்டினாள். மூன்றாவது தடவை பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஆம், முன்னூத்திப் பதினெட்டு. இல்லை, முன்னூத்திப் பதினெட்டு."

கூடத்தில் முப்பது பேர் இருந்திருப்பார்கள். அத்தனை பேரும் அந்த ஒற்றை உறையைப் பார்த்தார்கள். அடக் கடவுளே, பத்தொன்பது வருஷத்தில் எனக்கு இப்படி ஒன்று வந்ததில்லை, ஓய்வு பெற ஒரு வருஷம் இருக்கும்போதா வர வேண்டும்.

"லோயிஸ்," என்றாள் அக்னெஸ். "அந்த வீட்டுக் காகிதமெல்லாம் உன் கை வழியாத்தான் வருது. நீ சொன்னா நாங்க ஒத்துக்கறோம். ரெண்டும் ராய்ஸ் கையெழுத்துதானா?"

நான் பொய் சொல்ல முடிவு செய்துவிட்டேன். அதை ஒளிக்க விரும்பவில்லை. இரண்டும் அவனுடையதுதான், பாலைவனத்தில் மேசையா போட்டுக் கொடுப்பார்கள், முழங்காலில் வைத்துப் போட்டிருப்பான், கோணத்தான் செய்யும். இப்படிச் சொல்ல எல்லாம் தயாராக நாக்கில் இருந்தது. வாயைத் திறந்துவிட்டேன்.

"நான் சொல்றேன்!"

ஷெல்பி எழுந்து வந்துகொண்டிருந்தாள். ஊசிப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை உருவிக்கொண்டே வந்தாள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி, ஒரு சின்னக் குழப்பத்தைத் தீர்த்துவைக்கப் போகிறவளின் நிம்மதி.

"ஃபார்ம்ல இருக்கறது நான் போட்டது," என்றாள். "இதுல தப்பு ஒண்ணும் இல்ல. எனக்கு உரிமை இருக்கு, பாருங்க."

பவர் பத்திரம், அவனுக்குப் பதிலாக அவள் கையெழுத்துப் போடலாம் என்று. ராய்ஸ் போருக்குப் போகும் முன் ராணுவ வக்கீல் எழுதிக் கொடுத்தது, முத்திரையெல்லாம் போட்டு. எங்கள் பக்கத்தில் சிப்பாய் பெண்டாட்டிகள் எல்லோரிடமும் ஒன்று இருக்கும்.

"காரை இத வெச்சுத்தான் வித்தேன். வருஷா வருஷம் வரிக்கு இத வெச்சுத்தான் கையெழுத்துப் போடறேன். பேங்க்ல ஒத்துக்கறாங்க, ஆஸ்பத்திரியில ஒத்துக்கறாங்க, ராணுவமே ஒத்துக்குது. தபால் போய் வர மூணு வாரம் ஆகும்னுதான் ஃபார்ம்ல நானே போட்டுட்டேன். பாருங்க, எல்லா விஷயத்துக்கும்னு எழுதியிருக்கு."

அக்னெஸ் என்னைப் பார்த்தாள். சொல்ல வேண்டியது என் வேலை.

"ஷெல்பி கண்ணு," என்றேன். "எல்லாத்துக்கும் செல்லும். ஓட்டுக்கு மட்டும் செல்லாது."

"ஓட்டு நான் போடலையே?" அவள் உறையைத் தொட்டுக் காட்டினாள். "ஓட்டு அவன்தான் போட்டான். இந்தக் கோணல் அவனோடதுதான். எங்க கல்யாணச் சர்ட்டிஃபிகேட்லயும் இப்படித்தான் கிறுக்கி வெச்சிருக்கான். பக்கத்துல சாட்சிகூடப் போட்டிருக்காங்க. நான் சீட்டு அனுப்பச் சொல்லிக் கேட்டேன், அவ்வளவுதானே?"

"கேக்கறதும் அவனேதான் கேக்கணும். அவன் கையால கேக்கலன்னா சீட்டே போயிருக்கக் கூடாது."

அவளுக்கு மெல்ல மெல்லப் புரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்பது பெரிய கொடுமை. பத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், எங்கேயாவது ஓட்டு என்று எழுதியிருக்காதா என்று. அப்புறம் ஆர்லோவைப் பார்த்தாள்.

ஆர்லோ தொப்பியைக் கழற்றிவிட்டான். "எம்மா, அவன் ஓட்டத் தடுக்கணும்னு நான் கேக்கல. யாராவது களவாணித்தனம் பண்றாங்களோன்னுதான்..."

"நான் களவாணியா?"

"இல்லம்மா. அதத்தான் சொல்றேன். இல்ல." அவன் அக்னெஸ் பக்கம் திரும்பினான். "ஆட்சேபணைய வாபஸ் வாங்கிக்கறேன். எழுதிக்கோ. உறையப் பிரி."

ஆர்லோவா அப்படிச் சொன்னான் என்று எனக்கே நம்ப முடியவில்லை.

அக்னெஸ் தலையை ஆட்டினாள். "முடியாது ஆர்லோ. இனிமே நீ வாங்கினாலும் ஒண்ணுதான், வாங்கலன்னாலும் ஒண்ணுதான். அந்தப் பொண்ணே சொல்லிடுச்சு. எங்க மூணு பேரு காதுலயும் விழுந்துடுச்சு."

ராய்ஸின் உறையைப் பிரிக்காமலே பெரிய உறையில் போட்டு, மேலே "செல்லாது" என்று எழுதி, மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள். அவன் ஆம் போட்டானா, இல்லை போட்டானா என்பதுகூட யாருக்கும் தெரியாது. ஜூனி படிக்கட்டிலிருந்து, "அப்பாவோட ஓட்டு எப்பம்மா எண்ணுவாங்க?" என்று கேட்டாள்.

ஷெல்பியையும் பிள்ளையையும் என் காரில் ஏற்றிக்கொண்டேன். ஜூனி பின் சீட்டில் ஊருக்கு வெளியே வருவதற்குள் தூங்கிவிட்டாள். பாதி வழியில் நானே சொன்னேன். சொல்லாமல் இருந்தால் எனக்கு நெஞ்சு வெடித்திருக்கும்.

"ஏப்ரல்லயே எனக்குத் தெரியும் ஷெல்பி. உன் எழுத்துன்னு பாத்தவுடனே தெரிஞ்சுது."

அவள் திரும்பவில்லை. "தெரிஞ்சுமா முத்திரை குத்துனீங்க?"

"ஆமா."

"அன்னிக்கே சொல்லியிருந்தா அவனுக்கு ஈமெயில்ல ஃபார்ம் அனுப்பியிருப்பேனே. அவனே கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பியிருப்பான். ரெண்டு நாள் வேலை."

"ஆமா."

"உன் பேரையும் பதிஞ்சுக்கோன்னு சொல்லியிருந்தீங்கன்னா, நானே போட்டிருப்பேன்."

"ஆமா. அந்தப் படிவம் என் இழுப்பறையிலதான் இருந்துச்சு."

"அப்புறம் ஏன் சொல்லல?"

பஸ் டிரைவர் என்று சொல்லலாம், போன் என்று சொல்லலாம், முழங்கால் என்று சொல்லலாம். எல்லாம் உண்மைதான்.

"அலுப்பா இருந்துச்சு," என்றேன்.

அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் ஜன்னல் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"எனக்கும் அலுப்புதான்," என்றாள். "அதான் நானே போட்டேன்."

மறுவாக்கெடுப்பு வேண்டும் என்று பெக் கார்னர்ஸ்காரர்கள் போர்டிடம் கேட்டார்கள். ஒரு தடவை போதும் என்று போர்டு சொல்லிவிட்டது. அந்தக் கூட்டத்துக்குக் குறிப்பு எழுதியதும் நான்தான்.

ஜூன் கடைசியில், சின்னப் பள்ளியின் கடைசி நாளுக்கு மறுநாள், நான் ஷெல்பி வீட்டுக்குப் போனேன். கைப்பையில் பேர் பதியும் படிவங்கள் ஐந்தாறு எடுத்துக்கொண்டேன். அலுவலகத்தில் ஒருமுறை குனியாததற்கு இப்போது நாற்பது கிலோமீட்டர் கார் ஓட்டிக்கொண்டு போகிறேன். என்னை நினைத்தால் எனக்கே பற்றிக்கொண்டு வந்தது.

சமையலறையில் தாயும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். மேசைமேல் சின்ன ஜூஸ் டப்பாக்கள்.

"பஸ்ல போறப்ப கை நடுங்குச்சுன்னா என்ன பண்ணணும்?"

"ஜூஸ் குடிக்கணும்."

"அப்புறமும் நடுங்குச்சுன்னா?"

"டிரைவர்கிட்ட சொல்லணும்."

"டிரைவர் திரும்பிப் பாக்கலன்னா?"

ஜூனி யோசித்தாள். என்னைப் பார்த்தாள். "கத்தணுமா?" என்றாள்.

"கத்தணும்," என்றாள் ஷெல்பி. "யாராச்சும் திரும்பற வரைக்கும் கத்தணும். சரி, போய் விளையாடு."

எனக்குக் காபி ஊற்றினாள். என் மேல் கோபமாக இருக்கிறாளா என்று அவள் முகத்தில் தேடிப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. ராய்ஸ் போன் செய்ததைச் சொன்னாள்.

"மொத்தத்தையும் சொன்னேன். அப்புறம் கேக்கறான், 'நான் போட்ட கையெழுத்துதான் செல்லாதுன்னுட்டாங்களா?'ன்னு. சிரிக்கறானா அழறானான்னு தெரியல. லைன் அப்படி."

நான் படிவத்தை மேசைமேல் வைத்தேன். "உன் பேர்ல. தாமதம்தான். ஆனா பதிஞ்சு வெச்சுக்கோ."

மறுக்கவில்லை. பேனாவை எடுத்தாள். இந்த மாதிரி காகிதம் நிரப்புவதில் அவளை யாரும் மிஞ்ச முடியாது. பெயர், பிறந்த தேதி, விலாசம், கட்டம் கட்டமாக ஓடினாள். கீழே கையெழுத்து இடத்துக்கு வந்ததும் நிற்காமல் போட்டு முடித்துப் படிவத்தை என் பக்கம் தள்ளினாள்.

இந்த முறை நான் சரியாகப் பார்த்தேன். உருண்டை எழுத்து, கடைசியில் முயல் வால். ராய்ஸ் வான்னெஸ்.

நான் படிவத்தைத் திருப்பி அவள் பக்கம் வைத்தேன். அவள் பார்த்தாள். பேனாவைக் கீழே வைத்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டு, அது வேறு யாருடைய கையோ போல அதைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

"என் கையெழுத்து எப்படி இருக்கும்னே மறந்துபோச்சு லோயிஸ்," என்றாள்.

"பரவாயில்ல. இன்னும் இருக்கு எங்கிட்ட." இன்னொரு படிவத்தை எடுத்தேன்.

வீணான படிவத்தின் பின்பக்கத்தில் அவள் தன் பெயரை மூன்று தடவை எழுதிப் பார்த்தாள். மூன்றும் மூன்று விதமாக வந்தன. அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, புதுப் படிவத்தில் மெதுவாகப் போட்டாள். நான் எழுத்து எழுத்தாகப் பார்த்தேன். ஷெல்பி வான்னெஸ். சுழி எதுவும் இல்லை.

எதிரே ஏணி போட்டுப் பள்ளியின் பெயர்ப் பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். ஆணி துருப்பிடித்துப்போய் வர மறுத்தது. சுத்தியல் சத்தம் சமையலறை வரை கேட்டது.

"அடுத்த மே மாசம் வந்து எதுக்கு ஓட்டுப் போடறது?" என்று கேட்டாள். "அதான் எல்லாம் முடிஞ்சுபோச்சே."

"பஸ்ஸுக்கு," என்றேன். "புது பஸ் வாங்கலாமா வேண்டாமான்னு வருஷா வருஷம் ஒரு கேள்வி வரும்."